ரோட்டுக்கு அந்தப் பக்கம்

எதிர் வீட்டுக் கூரை உடைந்ததை என் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தேன். விடிந்திருந்தது, ஆனால் அந்த மழையில் விடிந்ததற்கான அடையாளம் எதுவும் இல்லை. காற்று ஏரிப் பக்கமிருந்து அடித்துக்கொண்டிருந்தது. ஓரத்தில் இருந்த சிமெண்ட் ஷீட் முதலில் கொஞ்ச நேரம் தடதடவென்று ஆடியது. அப்புறம் அடியிலிருந்து யாரோ கைகொடுத்துத் தூக்கியது போல எழும்பி, நடுவில் முறிந்து, எங்கள் காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே வந்து விழுந்தது. அது விட்ட சந்தில் காற்று உள்ளே புகுந்துகொண்டது. மீதி ஷீட்டுகள் போக அதிக நேரம் ஆகவில்லை. அந்தச் சத்தத்தைவிட, அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தமும் வராததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஆவடிக்கு மேற்கே, ரயில் பாதையிலிருந்து உள்ளே தள்ளி, ஏரிக்குப் போகும் வழியில் இருக்கிறது எங்கள் தெரு. என் கணவர் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். கல்யாணமானதிலிருந்து குவார்ட்டர்ஸ்தான். ஓய்வுபெற்றால் காலி செய்ய வேண்டும் என்பதால், சில வருடங்கள் முன்னதாகவே இங்கே ஒரு மனை வாங்கி, கீழே இரண்டு அறையும் மாடியில் ஓர் அறையுமாகக் கட்டிக்கொண்டோம். அவர் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். குடத்தோடு வரிசையில் நின்று வளர்ந்தவர். மனை பார்க்க வந்த அன்று ஏரியைப் பார்த்ததும் வேறு எதையும் பார்க்கவில்லை. "தண்ணி உள்ள ஊரு, யோசிக்காத" என்றார்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சிறிய கம்பெனியின் ஆபீசில் வேலை பார்க்கிறேன். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் வருவேன். வந்திறங்கி வீட்டுக்குள் நுழைவதற்கு முன் எதிர் வீட்டு வாசலில் ஐந்து நிமிஷம் நிற்பது வழக்கம். அங்கே இருந்தவள் என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். தையல் வேலை. பிளவுஸ், சுடிதார், பள்ளிக்கூட யூனிஃபார்ம். அவள் வீட்டுக்காரர் ஆவடி ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டினார். ஒரே மகள், பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். சுவர் எழுப்பியதோடு கையில் இருந்தது தீர்ந்துவிட்டதால் தளம் போடாமல் ஷீட் போட்டுக்கொண்டு குடிவந்தவர்கள். ஆனால் சொந்த வீடு. அதில் அவளுக்கு ரொம்பப் பெருமை.

எங்கள் தெருவில் ஒரு வேடிக்கை உண்டு. எங்கள் வரிசை நகராட்சியைச் சேர்ந்தது, எதிர் வரிசை ஊராட்சி. எல்லை தெருவின் நடுவே போகிறது. குப்பை வண்டி எங்கள் வாசல்களில் மட்டும் நிற்கும். அவள் தன் வீட்டுக் குப்பையைக் கொண்டுவந்து எங்கள் பக்கெட்டில் கொட்டிவிட்டு, "எங்களுக்கு வரி கம்மி, உங்களுக்குக் குப்பை வண்டி. சரியாப் போச்சா?" என்று சிரிப்பாள். அவ்வளவுதான் அந்த எல்லைக்கு எங்கள் வாழ்க்கையில் இருந்த மதிப்பு.

கூரை போன பிறகு என் கணவர் குடையை விரித்து, அது அந்த நொடியே பிய்ந்துபோக, வெறும் தலையோடு தெருவைக் கடந்து போனார். தண்ணீர் அதற்குள் கணுக்கால் அளவு. அவர்கள் மூன்று பேரும் கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தார்களாம். உடைந்த ஷீட்டின் ஒரு துண்டு கட்டில் மேலேயே விழுந்திருந்தது. அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். மகள் தன் புத்தகப் பையை மட்டும் வயிற்றோடு கட்டிப் பிடித்திருந்தாள். அவள் அம்மா உள்ளே நுழைந்ததும் என்னைப் பார்த்து, "யக்கா, என் மிஷினு" என்றாள்.

மிஷினை எடுக்க ஆண்கள் இரண்டு பேரும் மறுபடி போனார்கள். வாசலில் கால் வைத்ததுமே திரும்பிவிட்டார்கள். ஏரி நிரம்பி, போக்குக் கால்வாய் வழியாகப் போக வேண்டிய தண்ணீர் போக வழியில்லாமல் தெருவுக்குள் வந்துகொண்டிருந்தது. கால்வாய் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபமும் கார் நிறுத்துமிடமும் இருக்கின்றன. தண்ணீர் அலையடித்தெல்லாம் வரவில்லை. சத்தமில்லாமல் ஒவ்வொரு படியாக ஏறியது. எங்கள் வீட்டுக்குள் அது நுழைந்தது வாசல் வழியாகக்கூட இல்லை. குளியலறைத் தண்ணீர் போகும் குழாய் வழியாக மேலே பொங்கி வந்தது.

நாங்கள் ஐந்து பேரும் மாடி அறைக்குப் போனோம். கேஸ் சிலிண்டரையும் அடுப்பையும் அரிசி டிரம்மையும் ஏற்றினோம். பிரிட்ஜை ஏற்ற முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் அது கீழே ஹாலில் மல்லாந்து மிதந்துகொண்டு சுவரில் இடிக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் என் கணவர் படியில் இறங்கி எட்டிப் பார்த்துவிட்டு வருவார். பார்த்து என்ன செய்ய முடியும்? ஆனாலும் போவார்.

அந்த மாடி அறையில் நாங்கள் இருந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை, கீழே நாற்றம். ஆனால் நாங்கள் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. அவள் ரசம் வைப்பாள், நான் சாதம் வடிப்பேன். குடிக்க மழைத் தண்ணீரைப் பாத்திரங்களில் பிடித்துக் காய்ச்சினோம். படகில் வந்த பிள்ளைகள் உணவுப் பொட்டலம் கொடுத்தால் முதலில் மகளுக்கு. மொட்டை மாடியில் நின்று அவள் தன் வீட்டைப் பார்ப்பாள். கூரையில்லாத வீடு மேலிருந்து பார்க்கத் தண்ணீர்த் தொட்டி மாதிரி இருந்தது. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியும் தலையணையும் சுற்றிச் சுற்றி வந்தன.

"நல்லா கீதுல்ல யக்கா? ஊட்டுக்குள்ளயே நீச்சல் குளம். இன்னா வசதி பாரு" என்றாள். அவள் வீட்டுக்காரர் சிரித்தார். அவளும் சிரித்தாள். பிறகு துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள்.

தண்ணீர் வடிந்தபோது இரண்டு வரிசையிலும் ஒரே சேறுதான். பிளைவுட் கதவுகள் ஊறிப் பெருத்து, திறந்தவை மூடவில்லை, மூடியவை திறக்கவில்லை. என் பட்டுப் புடவைகள் ஒன்றின் சாயம் ஒன்றில் இறங்கி, பீரோவுக்குள் ஒரே மூட்டையாக இருந்தன. தரைத் தொட்டியில் ஏரித் தண்ணீரும் கக்கூஸ் தண்ணீரும் கலந்துவிட்டன. சுவரில் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு கோடு. அவள் வீட்டில் கோடுகூட இல்லை. மேலேயும் தண்ணீர், கீழேயும் தண்ணீர். சுவர் முழுக்க ஒரே ஊறல். மேலே ஒரு நீலத் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு அவர்கள் திரும்பிப் போனார்கள். மாடியிலேயே இருங்கள் என்றேன். "எத்தினி நாளைக்குக்கா? ஊட்டைப் போட்டுட்டு வந்தா கதவு ஜன்னலையும் கழட்டிக்கினு போயிருவானுங்க" என்றாள். மிஷினைத் துடைத்து, பிரித்து, எண்ணெய் விட்டு வெயிலில் வைத்தாள். சக்கரம் சுற்றியது. ஆனால் ஊசி இறங்க மறுத்தது.

நிவாரணம் அறிவித்தார்கள். ரேஷன் கடை வழியாக, பாதிக்கப்பட்ட பகுதிகளில் கார்டு ஒன்றுக்கு இவ்வளவு என்று. எந்தெந்தப் பகுதி என்பதை அறிவித்த விதத்தில்தான் எங்கள் தெரு இரண்டாகப் பிளந்தது. நகராட்சி முழுவதும் சேர்ந்திருந்தது. ஊராட்சிகளில் சிலது மட்டும். எதிர் வரிசையின் ஊராட்சி அதில் இல்லை.

ரேஷன் கடையிலிருந்து ஒருவர் டோக்கன் கொடுத்துக்கொண்டு வந்தார். எங்கள் வரிசையில் வீடு வீடாக நின்றார். எங்களுக்குப் பக்கத்தில் மூன்று மாடி வைத்த வீட்டுக்காரருக்குக் கொடுத்தார். எனக்குக் கொடுத்தார். அவள் தன் வாசலில் துடைப்பத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கடைசி வீடு வரை போய்த் திரும்பியபோது கூப்பிட்டாள்.

"அண்ணாத்தே, இந்தப் பக்கம்?"

"உங்க பக்கம் ஊராட்சிமா. லிஸ்ட்ல இல்ல."

"தண்ணி பாதி ரோட்டோட நின்னுச்சா? கோடு தாண்டாம?"

"நான் இன்னாமா பண்றது? என்னாண்ட குடுத்ததை நான் குடுக்கறேன்."

"மேல பாரு. ஊட்டுக்கு மேல இன்னா கீதுன்னு பாத்துட்டுச் சொல்லு."

அவர் தார்ப்பாயை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். "எழுதிக் குடுங்கமா, ஆபீசர் வருவாரு" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்தார். நான் டோக்கனைக் கையில் வைத்தபடி கேட்டுக்கு உள்ளே நின்றிருந்தேன். அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டேன்.

அன்று என் கணவரோடு பேசினேன். வருவதில் பாதியை அவளுக்குக் கொடுத்துவிடலாம் என்றேன். அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. கீழ்த்தளத்தில் எல்லா ஒயரிங்கும் மாற்ற வேண்டியிருந்தது. மோட்டார் போய்விட்டது. பின்பக்கக் காம்பவுண்டுச் சுவர் முழுக்கச் சாய்ந்து கிடந்தது. சுவருக்கெல்லாம் யாரும் எதுவும் தருவதாகச் சொல்லவில்லை. "கான்கிரீட் வீட்டுக்காரன்னா எல்லாவனும் பணக்காரன்னு நினைக்கான்" என்று முனகினார். பிறகு அவராகவே, "குடு. ஒரே அடுப்புல சாப்பிட்டோம்" என்றார்.

பணம் வாங்கிய அன்று மாலையே அவள் வீட்டுக்குப் போனேன். தார்ப்பாயின் கீழே உட்கார்ந்து பழைய துணியால் மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் மடித்த நோட்டுகளை நீட்டியதும் அவள் முகம் மாறியது.

"இன்னாக்கா இது?"

"வந்ததுல பாதி. உனக்கு."

"எனக்கு எதுக்கு நீ தர்ற?"

"நான் தரலைடி. கவர்மெண்ட் தந்தது. உனக்கும் வந்திருக்கணும்ல?"

"அப்போ கவர்மெண்ட் குடுக்கட்டும்." துணியைக் கீழே போட்டாள். "நீ குடுத்தா அது உன் துட்டு. நாளைக்கு உன் மூஞ்சிய நான் எப்டிப் பாப்பேன்? எனக்கு வர வேண்டியது எனக்கு வரணும். உன்னுதுல பங்கு நான் கேட்டனா?"

"கோவிச்சுக்காதே. நான் தப்பா..."

"தப்பு உன்னுது இல்ல. எடுத்துக்கினு போக்கா. என் வூட்டுக்காரு வந்தா வாங்கிக்கினாலும் வாங்கிக்குவாரு. அதுக்கு முன்ன எடுத்துக்கினு போ."

நான் எழுந்து வந்தேன். தெருவைக் கடக்கும்போது, அந்தத் தெரு இவ்வளவு அகலமா என்று தோன்றியது.

ஆனால் அவளுக்கு வர வேண்டியதை வாங்க நானும் போனேன். ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு அவளோடு தாலுகா அலுவலகம் போனேன். வெளியே, மரத்தடியில், படிக்கட்டில், எங்கு பார்த்தாலும் ஈரம் காயாத ஆட்கள். ஒருவர் தன் வீட்டின் உடைந்த ஓடு ஒன்றைப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். உள்ளே இருந்த பெண்மணி மனுவை வாங்கிக்கொண்டு, "நேர்ல பாத்துத்தான் எழுதுவாங்க, வருவாங்க" என்றார். எப்போது என்று கேட்டதற்கு, தனக்கு முன்னால் இருந்த மனுக் கட்டைக் காட்டினார். வரிசையில் பின்னால் நின்ற ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "சொந்த வீடு வெச்சிக்கினு இங்க வந்து நிக்கிறீங்களே, நாங்க வாடகைக்கு இருந்தது போயி நடுரோட்ல கீறோம்" என்றார். அவள் திரும்பி எதுவோ சொல்ல வாயெடுத்தாள். அவர் இடுப்பிலிருந்த குழந்தையைப் பார்த்துவிட்டு முன்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதிகாரி வருவார் என்று காத்திருந்தார்கள். இடையில் இரண்டு தடவை மழை பிடித்தது. தார்ப்பாய் நடுவில் குளம் கட்டிக்கொண்டு தொங்கும். அவளும் மகளும் கீழேயிருந்து கம்பால் முட்டித் தண்ணீரைத் தள்ளுவார்கள். அரையாண்டுப் பரீட்சை நெருங்கியதும் மகள் எங்கள் மாடி அறையில் வந்து படித்தாள். ஒருநாள் மகளுக்குக் காய்ச்சல் வந்து தணியாமல் போனபோது அவள் வீட்டுக்காரர் பொறுக்க முடியாமல் ஆட்டோவின் மேல் கடன் வாங்கினார். ஒரே நாளில் கம்பி வைத்து, தகர ஷீட் போட்டு முடித்தார்கள். பச்சை நிறத்தில் பளபளவென்று புதுக் கூரை. உடைந்த பழைய ஷீட்டுகளை ஏரிக்கரை மேட்டில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். எங்களுக்கெல்லாம் சந்தோஷமாக இருந்தது. அவள் எனக்கு ஒரு டம்ளர் பாயசம்கூடக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அதற்கு அடுத்த வாரம் அதிகாரி வந்தார்.

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். பேண்ட்டை முழங்கால் வரை மடித்து, ரப்பர் செருப்போடு, தூங்கியே பல நாள் ஆன கண்களோடு வந்தார். கூட வந்த ஊழியர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். அதிகாரி அவள் வீட்டை நிமிர்ந்து பார்த்தார்.

"இதுவாமா? ஷீட்டு நல்லாத்தானே இருக்கு."

"புச்சா போட்டது சார். பழசு எல்லாம் பறந்துடுச்சு."

"எங்க அது?"

"ஏரிக்கரையில கொட்டிட்டோம்."

அவர் தலையைச் சொறிந்தார். "ஏரிக்கரையில ஊர்ப்பட்ட ஷீட்டு கிடக்குமா. எது யாருதுன்னு நான் எழுதறது?"

என் கணவர் போனை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். புயலன்று மாடி ஜன்னலிலிருந்து அவர் எடுத்த வீடியோ அதில் இருந்தது. கூரையில்லாத வீடு, உள்ளே சுற்றும் நாற்காலி, எல்லாம். அதிகாரி அதைக் கடைசி வரை பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"எனக்குப் புரியுது சார். ஆனா நான் கண்ணால பாத்ததைத்தான் எழுதணும். குடிசையா இருந்தா வேற. முழுசா இடிஞ்சிருந்தா வேற. இப்ப நான் பாக்கறது புதுக் கூரை போட்ட வீடு."

அதுவரை பணிவாகப் பதில் சொன்னவள் வெடித்தாள். "கண்ணால பாக்க நீ எப்ப சார் வந்த? நீ வர்ற வரிக்கும் புள்ளைய வெச்சிக்கினு வானத்தைப் பாத்துக்கினு உக்காந்து இருக்கணுமா? கடன் வாங்காம நனைஞ்சுக்கினே கிடந்திருந்தா குடுத்திருப்ப. அதானே?"

அவர் என் பக்கம் திரும்பி, எங்கள் வீட்டைப் பார்த்து, சாதாரணமாகக் கேட்டார்: "உங்களுக்கு வந்துருச்சு இல்லமா?"

"வந்துருச்சு" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? அவள் என்னைப் பார்க்கவில்லை. உள்ளே போய் மிஷின் முன்னால் உட்கார்ந்துகொண்டாள். ரிப்பேர் செய்து வந்திருந்த மிஷின். அதிகாரி தெருமுனை திரும்பும்வரை அது ஓடிய சத்தம் கேட்டது. எதைத் தைத்தாள் என்று தெரியாது.

அதற்குப் பிறகு எங்களுக்குள் சண்டை எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாலையில் நான் அவள் வாசலில் நின்றால், "வாக்கா" என்பாள். மிஷினை நிறுத்த மாட்டாள். பிளவுஸ் தைக்கக் கொடுத்தால் தைத்துக் கேட்டில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கூலியை வாங்கிக்கொண்டு போய்விடுவாள். முன்பெல்லாம் அளவு சரியா என்று போட்டுப் பார்க்கச் சொல்லி உள்ளே வந்து உட்காருவாள். குப்பையை இப்போது எங்கள் பக்கெட்டில் போடுவதில்லை. கவரில் கட்டி, வீட்டுக்காரர் ஆட்டோவில் கொடுத்தனுப்பினாள். ஒருநாள் நானே கேட்டேன். "எதுக்குக்கா, அது நகராட்சி வண்டி" என்றாள். கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு வலித்தது.

என் கணவர், "நாம என்ன தப்பு செஞ்சோம்?" என்று பல தடவை கேட்டிருக்கிறார். ஒன்றும் செய்யவில்லை. ஆனால் காலையில் கேட்டைத் திறந்தால் முதலில் தெரிவது அந்தப் பச்சைக் கூரை. ஒவ்வொரு மாதமும் அவர்கள் அதற்குத் தவணை கட்டுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அவளுக்கு அவள் வாசலிலிருந்து தெரிவது எங்கள் மாடி.

அடுத்த ஐப்பசியில் மறுபடி காற்றழுத்தம் என்றார்கள். இரண்டு நாள் விடாமல் பெய்தது. மத்தியானம் தெருவில் தண்ணீர் தேங்க ஆரம்பித்ததும் நான் செருப்பைக் கழற்றிவிட்டு எதிர் வீட்டுக்குப் போனேன்.

"கிளம்புங்க. மேல வந்துடுங்க. சாதம் வெச்சிட்டேன்."

அவள் ஏற்கெனவே இரண்டு பைகளைக் கட்டி வைத்திருந்தாள். "பரவால்லக்கா. ஸ்கூல்ல முகாம் போட்டுக்கீறாங்க. அங்க போறோம்."

"முகாமுக்கு எதுக்கு? வீடு எதிர்ல இருக்கு."

"அங்க இருந்தாத்தான் கணக்குல வரும்னு சொல்றாங்க" என்றாள். பிறகு, "மிஷினை மட்டும் உன் ஊட்டு மாடியில வெச்சிக்கிறியா? முகாமுல யாராச்சும் நோண்டுவாங்க" என்றாள்.

இரண்டு ஆண்களும் தலையைத் தனியாகக் கழற்றி, இரும்புக் காலைத் தனியாகத் தூக்கி மேலே கொண்டுவந்து வைத்தார்கள். நான் அதன்மேல் ஒரு பழைய போர்வையைப் போர்த்தினேன். அந்த ராத்திரி மாடியில் நானும் என் கணவரும் அந்த மிஷினும்தான். சாதம் அவ்வளவும் மிஞ்சியது.

அந்தத் தடவை தண்ணீர் படி வரை வந்து நின்றுவிட்டது. உள்ளே நுழையவில்லை. யாருக்கும் எந்த நிவாரணமும் இல்லை. முகாமில் பாயும் பிஸ்கட்டும் கொடுத்தார்களாம்.

மிஷினை எடுக்க வந்தபோது அவள் தனியாக வந்தாள். நான் காபி போட்டுக் கொடுத்தேன். மாடிப் படியிலேயே உட்கார்ந்து குடித்தாள். நான் கேட்டேவிட்டேன். "என்மேல கோவமா உனக்கு?"

"கோவம் இல்லக்கா." டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "உன்னைப் பாத்தா அந்தாளு கேட்டது ஞாபகம் வருது. உங்களுக்கு வந்துருச்சு இல்லமான்னு. நீ நல்லவதான். அது எனக்குத் தெரியாதா? ஆனா ஞாபகம் வருதே, அதை இன்னா பண்ண?"

அவள் காபியைக் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

இந்த வருடம் வீட்டை விற்றுவிடலாமா என்று யோசித்தோம். என் கணவருக்கு மழைச் சத்தம் கேட்டாலே இப்போது தூக்கம் வருவதில்லை. படியில் இறங்கிப் போய் ஹாலைப் பார்த்துவிட்டு வருகிறார். காட்டுப்பாக்கம் பக்கம் பிளாட் ஏதாவது கிடைக்குமா என்று விசாரித்தோம். தரகர், வீடு வாங்குகிற ஆள் ஒருவரைக் கூட்டிவந்தார். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்ப்பவர், மனைவியோடு வந்தார். வீடு பிடித்திருந்தது. இரண்டு முறை பெயிண்ட் அடித்தும் சுவரில் அந்தக் கோடு லேசாகத் தெரிந்தது. அதன்மேல் அவர் மனைவி விரலை வைத்துப் பார்த்தார். வெளியே போனதும் வீடு பார்க்க வந்தவர் நேராக எதிர் வாசலுக்குப் போனார். நான் கேட்டிலேயே நின்றுவிட்டேன்.

"ஏம்மா, இங்க மழைக்குத் தண்ணி வருமா?"

அவள் மிஷினை நிறுத்தினாள். அவரைப் பார்த்தாள், அவருக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தாள்.

"தண்ணி ரெண்டு பக்கமும் வரும் சார். அந்தப் பக்கம் வந்தா துட்டு குடுப்பாங்க" என்றாள்.

அவர் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை. அவர்கள் பிறகு வரவேயில்லை. தரகரும் போனை எடுப்பதில்லை.

அன்று மாலை அவள் வந்தாள். பல மாதங்களுக்குப் பிறகு, கேட்டைத் திறந்துகொண்டு அவளாக உள்ளே வந்தாள். "உன் யாவாரத்தைக் கெடுத்துட்டனா?" என்றாள்.

"கெடுத்துட்டே" என்றேன்.

"இல்லன்னு பொய் சொல்லி இருந்தா, நாளைக்கு அந்தம்மா கழுத்து மட்டும் தண்ணியில என் வாசல்ல வந்து நின்னு கேக்கும்க்கா. அதுக்குத்தான்." கொஞ்சம் யோசித்து, "அதுவும் இல்ல. நீ போயிட்டா எதிர்ல யாரு வருவான்னும் நெனச்சேன்" என்றாள்.

என் கணவர் உள்ளேயிருந்து, "உட்காரச் சொல்லு" என்றார். அவள் உட்காரவில்லை. மகளுக்குக் கல்லூரிக்குக் கட்ட வேண்டியிருக்கிறது, இரண்டு பிளவுஸ் அவசரம் என்று கிளம்பினாள். நான் கேட் வரை போனேன். வானம் ஏரிப் பக்கம் இருண்டிருந்தது. நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் அதை நிமிர்ந்து பார்த்தோம். அவள் தெருவைக் கடந்து போனாள்.